தாக்ஸி கேர்ளின் ஒரே ஆல்பம்

'நியூ வேவ்' என்றதும் என் வயதுப் புதுச்சேரிக்காரர்கள் த்ருய்ஃபோ, கொதார் என்று சினிமாப் பக்கம் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது பாட்டு. 1970-களின் கடைசியில் பங்க் இசைக்குப் பின்னால் வந்த வகை அது. கிட்டாரோடு சிந்தசைசரைச் சேர்ப்பார்கள். தாளம் கடிகாரம்போல் ஓடும். பாடுகிறவர் உருகமாட்டார், ஏதோ தகவல் சொல்வதுபோலப் பாடுவார்.

அந்த அலையில் பாரீசில் உருவான குழு தாக்ஸி கேர்ள். 1980-ல் 'ஷெர்ஷே லெ கார்சோன்' என்ற பாட்டால் பிரபலமானார்கள். இன்றும் பிரான்சில் அவர்கள் பெயரைச் சொன்னால் அந்த ஒரு பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள். ஆனால் அவர்கள் போட்ட ஒரே முழுநீள ஆல்பமான 'செப்புக்கு'வில் அந்தப் பாட்டு கிடையாது! நன்றாக விற்கிற சரக்கைக் கடையில் வைக்காமல் கடை திறந்தது போல. தலைப்போ சாமுராய்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விடும் சடங்கின் பெயர். ஆட வந்தவர்கள் பயந்து ஒதுங்கியதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த வருடமே 'லாவாந்துரியே' பாட்டோடு ஆந்தோஷீன் குழு வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆல்பம் உருவான 1981-ஆம் வருடத்தில்தான் டிரம்ஸ் வாசித்த பியேர் வுல்ஃப்சன் போதை மருந்துக்குப் பலியானார். தயாரிப்பாளராக வந்தவர் ஸ்ட்ராங்லர்ஸ் குழுவின் ழான்-ழாக் புர்னெல். லண்டனில் பிறந்த பிரெஞ்சுக்காரர் பிள்ளை, கராத்தே பயின்றவர். காலியான இடத்துக்குத் தன் குழுவின் ஜெட் பிளாக்கையே டிரம்ஸ் வாசிக்க அழைத்துக்கொண்டார். இருபதை ஒட்டிய பையன்களுக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய மனிதர் உட்கார்ந்து வாசித்தார். அந்த நிதானம் ஆல்பம் முழுக்கக் கேட்கும். மிர்வாய்ஸின் கிட்டார் தன் திறமையைக் காட்ட முந்தாது. லொரான் சிங்க்ளேரின் சிந்தசைசர் பனிமாதிரி படரும். அதன்மேல் தனியேல் தார்க்கின் குரல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும்.

இந்த கேசட் எனக்குக் கிடைத்தது என் தம்பியால். பிரெஞ்சுக் குடியுரிமையில் பாரீசுக்குப் போனவன். 1983-ல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனான்.

பள்ளியில் எங்களுக்கு லா ஃபோந்தேனும் ரசீனும் மனப்பாடம். வாத்தியாரிடம் 'வூ' போட்டுத்தான் பேசவேண்டும். பிறகு ஆபீசில் கோப்பெல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. நான் படித்த பிரெஞ்சு, பரணில் ஏற்றிய பித்தளைப் பாத்திரம்போல ஆகிவிட்டது. இந்த கேசட்டில்தான் அதே மொழியைத் தூக்கமில்லாத பையன்கள் தெருவில் பேசக் கேட்டேன். 'லெ ஸர்மே த லா நுய்', 'அவென்யூ தியு க்ரீம்', 'நேம்போர்த் கெல் சுவார்' என்று தலைப்புகளைப் பாருங்கள்: இரவின் படைகள், குற்றத்தின் சாலை, ஏதோ ஒரு மாலை. தபால் அட்டையில் வருகிற பாரீஸ் இதில் இல்லை.

தம்பியின் கடிதங்களில் வழக்கமாக மூன்றே சங்கதி: சௌக்கியம், குளிர் அதிகம், பணம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு அது போதும். எனக்கும் போதும் என்றே இருந்தேன். இந்தப் பாட்டுகளைக் கேட்ட பிறகு, "ராத்திரி ஷிப்டு முடிந்து எப்படி வீடு திரும்புகிறாய், வழியில் யாராவது பேசுவார்களா?" என்று எழுதினேன். நான்கு பக்கப் பதில் வந்தது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

குழு 1986-ல் கலைந்தது. மிர்வாய்ஸ் பின்னால் மடோன்னாவின் 'மியூசிக்' ஆல்பத்தில் பணியாற்றி உலகப் பெயர் பெற்றார். தார்க் நெடுநாள் ஒதுங்கிக் கிடந்து, 2004-ல் 'க்ரேவ்கேர்' ஆல்பத்தோடு மீண்டு வந்தார். 2013-ல், 53 வயதில் காலமானார்.

கேட்க விரும்புகிறவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். ஹிட் பாட்டைத் தேடாதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, சத்தத்தைக் குறைத்து, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டைவிட்டு வெகுதூரத்தில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு அந்தக் குரல் புரியும்.