கிராணியார் வண்டி

ஐந்தாண்டு ஓடிய காரையே பழையதென்று விற்றுவிடும் இக்காலத்தில், அறுபதாண்டு மூத்த மோட்டார் வண்டியொன்றை வீட்டுத் தாழ்வாரத்தில் கிடத்தி, இரண்டரை ஆண்டுகள் அதனோடு மல்லாடினேன் என்றால் என்னை அறிந்த நண்பர்கள் நகைக்கின்றனர். நகைப்பது நியாயமே. செம்பனைத் தோட்டமொன்றில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணி நான். என் சம்பளத்துக்கு அவ்விளையாட்டு ஏற்றதன்று. ஆயினும் அவ்வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த வரலாறு என் மனத்தை விட்டு அகலாமையால் எழுதத் துணிந்தேன்.

எங்கள் குடியிருப்பு இளைஞர்களுக்குப் பழைய கார் என்றால் அமெரிக்கக் காரே நினைவுக்கு வரும். 1964 ஆம் ஆண்டு மாதிரியாகப் பாண்டியாக் கம்பெனியார் வெளியிட்ட ஜி.டி.ஓ. என்னும் வண்டி, நடுத்தர உடலில் பெரிய எஞ்சினைத் தாங்கி 325 குதிரைச் சக்தியோடு புறப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் போர்டு கம்பெனியாரின் மஸ்டாங்கும் வந்தது. இவ்வினத்தைத் தசை வலிமையின் பெயரால் அழைப்பது அந்நாட்டார் வழக்கம். நான் பழுது பார்த்ததோ மாரிஸ் மைனர். அதன் சக்தி 48 குதிரை; அதுவும் புதிதாய்ப் பிறந்த நாளில். என் கைக்கு வந்தபோது ஒரு கழுதையின் சக்திகூட அதற்கில்லை.

மைனரை எளிதாக எண்ணிவிடலாகாது. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் வகுத்த அவ்வண்டி 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், வண்டி மிக ஒடுக்கமாயிருக்கிறதென்று அவருக்குத் தோன்றவே, மாதிரி வண்டியை நெடுக்கில் இரண்டாக அறுத்து, நடுவே நான்கு அங்குலம் விட்டுப் பார்த்து, அதுவே சரியென்று முடிவு செய்தார். முன்மூடியின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. கம்பெனித் தலைவரான நப்பீல்டு பிரபு அவ்வண்டியைக் கண்டு, ஓடு நீக்கி வெந்நீரில் அவித்த முட்டை போலிருக்கிறதென்று இகழ்ந்தாராம். அந்த முட்டையே 1961 இல் பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் காராயிற்று. பின்னர் மினி காரை வகுத்தவரும் இஸிகோனிஸே.

இனி எங்கள் தோட்டத்துக்கு வருவோம். சுங்கை சிப்புட்டுக்கு அருகில், அக்காலத்தில் ரப்பரும் இக்காலத்தில் செம்பனையும் விளையும் தோட்டம் அது. அங்கே 1960களில் கார் வைத்திருந்தவர் இருவர்: துரையும் பெரிய கிராணியாரும். கிராணியாரின் மைனர் சாம்பல் நிறத்தது. என் பாட்டனார் பால்வெட்டுக்காரர். விடியலில் பெரட்டுக்கு நின்று, நண்பகல் வரை மரம் வெட்டி, பால் கொட்டாயில் நிறுத்துக் கொடுத்துத் திரும்புபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராணியார் காரைக் கழுவுவதும் அவருக்கு வாய்த்த பணி. அதற்குக் கூலி உண்டா என்று கேட்டேன், பாட்டி சிரித்தாள். ஒரு ஞாயிறன்று, எட்டு வயதுச் சிறுவனாயிருந்த என் தந்தை, பாட்டனார் வாளியெடுத்துத் தண்ணீருக்குப் போன சமயம் பார்த்துக் கதவைத் திறந்து ஹாரனை அழுத்திவிட்டார். கிராணியார் வெளியே வந்து கன்னத்தில் அறைந்தார். அறைந்த பின்னர் இருக்கையையும் பாட்டனாரைக் கொண்டே மறுபடி துடைக்கச் செய்தார். லயத்துப் பிள்ளை தொட்ட இருக்கை அல்லவா!

இதனை என் தந்தை ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. காரை இழுவை லோரியிலிருந்து இறக்கியபோது, எண்பத்தெட்டு வயதான பாட்டி வாசலில் நின்று, "அந்தக் காருதானே இது? உங்கப்பன் அடி வாங்கின காரு," என்றாள். அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது. தந்தையோ சங்கிலியை அவிழ்ப்பதிலேயே கருத்தாயிருந்தார்.

அவர் அத்தோட்டத்திலேயே லோரி மெக்கானிக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். நானோ 2003 இல் இடைநிலைப் பள்ளியில் கால் வைத்தேன். விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் புகட்டும் திட்டம் தொடங்கிய ஆண்டு அது. பின்னர் ஈப்போவில் கணக்கியலும் ஆங்கிலத்திலேயே பயின்றேன். ஆங்கிலம் வந்தது, அதனோடு ஒரு கூச்சமும் வந்தது. பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். அவர் எண்ணெய்க் கறை படிந்த விரலால் பேனாவைப் பிடித்து அதில் கையெழுத்திட்டார். படித்துவிட்டுத்தான் இட்டாரா என்பதை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கிராணியார் மறைந்து, பிள்ளைகள் அயல்நாடு போய், லயங்கள் இடிக்கப்பட்டு, தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்து, வெளிக்காட்டு வேலைக்கு வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வந்துவிட்டனர். பழைய குவார்ட்டர்ஸின் பின்கொட்டகையில் வண்டி மட்டும் கிடந்தது. ஈப்போவிலுள்ள கிராணியார் மகள் 3,000 வெள்ளிக்கு அதனை எனக்குத் தந்தார். நல்ல அம்மாள், தேநீர் கொடுத்து, தம் தந்தையாரின் பழுதுபார்க்கும் கைநூலையும் தேடியெடுத்துத் தந்தார்.

மைனரைத் தின்பது துரு. இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தரைத் தகடு அரித்தால் அழகு மட்டும் போவதில்லை, முதுகெலும்பே போகிறது. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் வந்து சேரும் குறுக்குப் பெட்டியில் என் தந்தை ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். அது பிடி வரை உள்ளே போயிற்று. அழுகியதை வெட்டி எறிந்து புதுத் தகடு பொருத்த ஓராண்டு சென்றது. இங்கிலாந்திலிருந்து சில பாகங்கள் வருவித்தோம். 1990களில் இலங்கையில் மைனருக்கென்றே தகட்டுப் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலை ஏற்பட்டதென்று படித்தபோது வியப்பாயிருந்தது. ஆனால் அவ்வண்டி கொழும்பு வீதிகளில் நெடுங்காலம் உழைத்ததை நினைத்தால் வியப்பதற்கொன்றுமில்லை.

எஞ்சின் கதை வேறு. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். பெயர் வேண்டாம். ஏழு மாதம் வைத்திருந்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு, பளபளவென்று வண்ணமடித்துத் திருப்பினர். என் தந்தை ஸ்பானரைப் போட்டுச் சுழற்றிப் பார்த்தார், கிராங்கு அசையவில்லை. "கேப் மாறிப்போச்சு," என்றார். இந்த எஞ்சினில் கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் மூன்று. அவற்றின் மூடிகளை உடலோடு சேர்த்தே கடைந்திருப்பர். ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்தால் நூலளவு பிசகும். அந்நூலளவே கிராங்கை இறுக்கும். கைநூலில் நான் அப்பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் மூடிகளைக் கழற்றி அடையாளம் பார்த்து மாற்றிவிட்டார். முன்னாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு அமரும் இடத்தை அது காத்தது. இப்பொழுது ஈயமில்லை, இல்லாமற்போனதும் நன்றே. ஆகையால் கடினமான வளையங்களை ஈப்போவிலுள்ள வேறொரு பட்டறையில் பதித்தோம். அவர்கள் செம்மையாகச் செய்தனர்.

வால்வு இடைவெளியைச் சரி பார்க்கும் விதி கணக்கெழுதும் எனக்கு மிகவும் பிடித்தது. வால்வுகள் எட்டு. எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரி செய்ய வேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. எப்பொழுதும் கூட்டுத்தொகை ஒன்பது. நூலை விரித்து இதனைப் பெருமையோடு தந்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஆமா, எட்டு அமுங்கினா ஒண்ணு சும்மா இருக்கும்," என்று சொல்லி அவர் தம் வேலையைப் பார்த்தார். நூல் கேட்பது குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். அவர் விரலால் அசைத்துப் பார்த்துப் பூட்டியதை நான் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளந்தேன். எட்டில் ஏழு சரியாயிருந்தன. அந்த ஒன்றையும் அவர் நெடுநேரம் மன்னிக்கவில்லை, என்னையல்ல, தம்மை.

பிறகு வந்தது கார்புரேட்டர். எஸ்.யு. என்னும் அவ்வமைப்பில் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் உயர்ந்து தாழ்கிறது. அதனோடு ஓர் ஊசியும் ஏறியிறங்கிப் பெட்ரோலை அளந்து விடுகிறது. கலவை சரியா என்றறிய, எஞ்சின் ஓடும்போது பிஸ்டனைச் சிறிதே உயர்த்த வேண்டும். வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தடுமாறி அணைந்தால் குறைவு. கணநேரம் சற்றே கூடித் தணிந்தால் சரி. தோட்டத்தில் எந்த லோரியின் ஓசை எப்படி மாறினாலும் வீட்டிலிருந்தபடியே நோயைச் சொல்லக்கூடியவர் என் தந்தை. ஆகவே இவ்விடத்தில் நூலை மூடிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார். "நீயே கேட்டுச் சொல்லு, தம்பி," என்றார்.

ஜெனரேட்டர் அறையிலும் புகைக்கூண்டுப் பக்கத்திலும் முப்பது ஆண்டு நின்ற காதுகள்! பேச்சைச் சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறார், நாங்கள்தாம் கவனிக்கவில்லை. தொலைக்காட்சியை உரக்க வைக்கிறார் என்று குறை மட்டும் சொல்லியிருந்தோம். பின்னர் ஈப்போ மருத்துவர் சோதித்து, கூர்மையான ஓசைகள் முதலில் போயின, இனித் திரும்பா என்றார். காதுக்கு அடைப்பான் கொடுக்கும் வழக்கம் அவர் வேலை செய்த நாளில் அத்தோட்டத்தில் இல்லை. நாள்தோறும் செக்ரோலில் பேர் எழுதும் நான், இப்பொழுது பக்கத்துப் பத்தியில் அடைப்பான் வாங்கியவர்க்கு ஒரு குறியிடுகிறேன். துரை ஒருமுறை ஏனென்று கேட்டார். சொன்னேன். சரி என்றார்.

டைமிங் வைக்க வண்டியை மேட்டில் ஏற்ற வேண்டும். பொறி முந்தினால், பாரத்தில் எஞ்சினுக்குள் கண்ணாடிக் குண்டுகள் மோதுவது போன்ற கலீரென்ற ஓசை எழும். அது கூர்மையான ஓசை, அவருக்குக் கேளாது. ஆகவே தோட்டத்துச் செம்மண் மேட்டில் மூன்றாம் கியரில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் அமர்ந்து கதவுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "கேக்குதா?" என்பார். "கேக்குதுப்பா," என்பேன். இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு திருகை இரண்டு சொடுக்குப் பின்னே தள்ளுவார். மறுபடி மேடு. அன்று மாலை அம்மேட்டில் எத்தனை முறை ஏறியிறங்கினோமென்று எண்ணவில்லை. பழம் ஏற்றும் வங்காளதேசத்துத் தோழர்கள் கைதட்டியது மட்டும் நினைவிருக்கிறது. கடைசி ஏற்றத்தில் எனக்கு ஓசை கேட்கவில்லை. சொல்வதற்குள் அவரே, "இப்ப நடுக்கம் அடங்கிருச்சு," என்று கையை எடுத்தார்.

சாலைக்கு எடுக்குமுன் அண்டை வீட்டுப் பெரியம்மா நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்கச் சொன்னார். மைனரின் பிரேக்குக்கு எண்ணெய் வழி ஒன்றே. எங்கேனும் கசிந்தால் நான்கு சக்கரமும் நில்லா. எண்ணெயைத் தள்ளும் உருளையோ ஓட்டுபவன் காலடித் தரைக்குக் கீழே மழைநீர் படும் இடத்தில் இருக்கிறது. அதைப் புதிதாக மாற்றியிருக்கிறோம் என்று விளக்கிவிட்டு, பழங்களைப் பிழிந்து அனைவருக்கும் சாறு கொடுத்தோம். பெரியம்மாவும் குடித்தார்.

ஈப்போ பரிசோதனை நிலையத்தில் அதிகாரி முதலில் விளக்குகளைப் பார்த்தார். பிறகு ஹாரனை அழுத்தினார். தந்தை கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தார். நான் வெளிவந்ததும், "அடிச்சாரா?" என்றார். "அடிச்சாருப்பா, நல்லா கேட்டது," என்றேன். தலையசைத்தார். பெயர் மாற்றும் அலுவலகத்தில் வண்டியை அவர் பெயருக்கே எழுதச் சொன்னேன். ஸ்பானர் பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல் ரேகையை இயந்திரம் இருமுறை ஏற்கவில்லை. மூன்றாம் முறை, சட்டையில் துடைத்து அழுத்தியபின் ஏற்றது.

திரும்பும்போது பழைய நெடுஞ்சாலையில் செம்மோர் வழியாக அவரையே ஓட்டச் சொன்னேன். சாலை வெறிச்சென்றிருந்தது. சிறிது தூரம் சென்றபின், "ஹாரனை ஒருதரம் அடிச்சுப் பாருங்கப்பா," என்றேன். அவர் முன்னும் பின்னும் பார்த்தார்.

"எதுக்குடா? ரோட்டுல யாரும் இல்லியே," என்று சொல்லி, கியரை மாற்றினார்.