ஒரு ஸ்பேஸ்... ரெண்டு வருஷக் கணக்கு!

பாஸ், ஒரு சின்ன கேள்வி. உங்க வீட்டுப் பரண் மேலயோ, பீரோவுக்கு அடியிலயோ அரசாங்க முத்திரை போட்ட பழைய லேப்டாப் ஒண்ணு தூங்குதா? அப்படின்னா கொஞ்சம் கிட்ட வாங்க. இது உங்களுக்கான மேட்டர்.

எங்க வீட்டுல இருந்தது அண்ணனோடது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்ச வருஷம் அவன் ப்ளஸ் டூ. எனக்கு ஆறு வயசு. நான் பக்கத்துல போனாலே, 'கை கழுவினியா?'ன்னு கேட்பான். சாமி படத்துக்குக்கூட எங்க வீட்டுல அவ்வளவு ஆசாரம் கிடையாது!

அந்த லேப்டாப்பை ஆன் பண்ணினா, ரெண்டு பெயர் வந்து நிற்கும். ஒண்ணு விண்டோஸ் 7. இன்னொண்ணு 'பாஸ்'. நாம ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிற பாஸ் இல்லீங்க, 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. சென்னையில் இருக்கிற சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரு பைசா செலவில்லாம லினக்ஸ் வந்து சேர்ந்தது. நாம என்ன பண்ணினோம்? விண்டோஸ்ல படம் பார்த்தோம். இடம் பத்தலைன்னதும் மொபைல் கடை அண்ணாகிட்ட கொடுத்து பாஸை அழிக்கச் சொன்னோம். இத்தனைக்கும் எங்க ஆனைமலையில் இருந்து மலையைத் தாண்டினா பாலக்காடு. அங்கே அரசுப் பள்ளிக்கூடத்துப் பசங்க பத்தாவது கம்ப்யூட்டர் தேர்வையே லினக்ஸ்லதான் எழுதுறாங்க. மழை மட்டுமில்லை, இதுவும் மலைக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சு.

அண்ணன் வேலைக்கு பெங்களூரு போனதும், லேப்டாப் அப்பாவோட களத்துக்கு வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரங்களுக்குக் களம்னா என்னன்னு சொல்லவேண்டியதில்லை. மத்தவங்களுக்காக... சுத்துப்பட்டு தோப்புகள்ல தேங்காய் வாங்கி, உடைச்சு, காய வெச்சு, கொப்பரையாக்கி விக்கிற இடம். யாருக்கு எத்தனை டன்னுக்குக் காசு பாக்கி, மட்டை உரிக்கிறவங்க எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்காங்க... எல்லாமே அந்த லேப்டாப்புலதான். அப்பாவோட பழைய பேரேட்டை மூடி வெச்சுட்டு, அண்ணன்தான் இதைப் பழக்கிவிட்டான்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியோட பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு. அப்புறமும் நாலு வருஷம் அப்பா அதை ஓட்டினார். ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்தா, அப்போதான் திரை வரும். பென் டிரைவ் செருகினால், ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடும். நான் இன்ஜினீயரிங் முதல் வருஷம் முடிச்சு லீவுக்கு வந்தப்போ, 'ஏங்கண்ணு, கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இதைக் கொஞ்சம் பாரேன்'னார். ஸ்ஸ்ஸ்... அந்த ஒரு வார்த்தையில விழுந்ததுதான்.

டெபியன் போட்டேன். 2 ஜிபி ரேம் மெஷினுக்கு ஏத்த மாதிரி லேசான டெஸ்க்டாப். லிப்ரே ஆபீஸ்ல அப்பாவோட கணக்கு ஃபைல் எல்லாம் சமர்த்தா திறந்தது. ஒரு நிமிஷத்துல பூட் ஆச்சு. அப்பா ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தார், நம்பாம! எனக்குத் தலைகால் புரியலை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட்ல லினக்ஸை அறிவிச்சப்போ, ஹெல்சிங்கி யூனிவர்சிட்டியில படிச்சுக்கிட்டிருந்த 21 வயசுப் பையன்னு படிச்சேன். 'நமக்கு இன்னும் டைம் இருக்கு'ன்னு கணக்குப் போட்டேன். 2017 நவம்பர்ல இருந்து உலகத்தின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியல்ல இருக்கிறது அத்தனையும் லினக்ஸாம். களத்துல இருக்கிற நம்மளுது 501-வதுன்னு ஹாஸ்டல்ல பீலா விட்டேன்.

கறுப்புத் திரையில கட்டளை அடிக்கிறது செம போதைங்க. 'எல்எஸ்' அடிச்சா ஃபைல் பட்டியல். 'சிடி' அடிச்சா அடுத்த ரூமுக்குப் போற மாதிரி ஃபோல்டர் மாறும். 'ஆப்ட்' போட்டா சாஃப்ட்வேர் தானா இறங்கும். படிக்க ஆளில்லைன்னு தமிழ்ல புலம்பவும் முடியாது. 2012 ஜனவரியில தொடங்கின 'கணியம்' மின்னிதழ் தயவுல லினக்ஸ் பத்தி எளிய தமிழ்லயே நிறைய கிடைக்குது. நான்தான் அதுல பாதியைப் படிச்சுட்டு, மீதியைத் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டேன்.

என் முதல் எரிச்சல், 'பர்மிஷன் டினைட்'. அப்பாவுக்குன்னு தனி யூஸர், எனக்குன்னு தனி யூஸர் நான்தான் வெச்சேன். நான் வெச்ச வேலியே என்னை உள்ளே விடலை! அப்பாவோட கணக்கு ஃபோல்டர்ல நான் எதையும் மாத்த முடியாது. நெட்டுல தேடினேன். ஒரு புண்ணியவான், '777 போடுங்க, எல்லாம் சரியாகிடும்'னு எழுதியிருந்தார்.

777 என்னன்னு சொல்லிடறேன். லினக்ஸ்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு தரப்பு உண்டு. சொந்தக்காரர், அவரோட குழு, மத்தவங்க. தோப்புன்னு வெச்சுக்கோங்க... தோப்புக்காரர், பங்காளிங்க, ஊர் ஜனம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூணையும் கூட்டினா 7. ஆக 777-ன்னா, தோப்புக்காரருக்கும் பங்காளிக்கும் ஊருக்கும் ஒரே சாவி. ஃபோல்டருக்கு எழுதற உரிமையும் இயக்கற உரிமையும் சேர்ந்து கிடைச்சா, உள்ளே இருக்கிற ஃபைலை அழிக்கவும் முடியும். இதுக்கு 'சூடோ' சேர்த்து ரூட் அதிகாரத்தோட அடிக்கணும். சூடோவை முதல் தடவை கூப்பிடும்போது, அது சின்னதா புத்திமதி சொல்லும். அடிக்கிறதுக்கு முன்னால யோசிங்கிறது அதுல ஒண்ணு. நான் படிக்காமலே என்டர் தட்டினேன். கேட் திறந்தது. ரொம்ப சௌகரியமா இருந்தது. அஞ்சு மாசம் ஒண்ணுமே ஆகலை!

போன தீபாவளிக்கு ஒன்பது நாள். தோப்புக்காரங்களுக்குப் பாக்கி தீர்க்கிற நேரம். நான் லீவுக்கு வந்திருந்தேன். கணக்கு ஃபோல்டர்ல 'ஓல்டு'ன்னு பேர் ஆரம்பிக்கிற குப்பை ஃபைல் முப்பது நாப்பது கிடந்தது. சுத்தம் பண்ணலாம்னு உட்கார்ந்தேன். 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்', அப்புறம் 'ஓல்டு', அதை ஒட்டி ஒரு ஸ்டார். ஸ்டார் ஒட்டியிருந்தா, 'ஓல்டுன்னு ஆரம்பிக்கிறதை எல்லாம் அழி'ன்னு அர்த்தம். நான் நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டுட்டேன். இப்போ அர்த்தம் வேற. 'ஓல்டை அழி... அப்புறம் இங்கே இருக்கிற எல்லாத்தையும் அழி!'

லினக்ஸ் எதிர்க்கேள்வி கேட்கலை. ரீசைக்கிள் பின் கிடையாது. ஒரு நொடிகூட ஆகலை. 'எல்எஸ்' அடிச்சேன். காலி. இன்னொரு தடவை அடிச்சேன். காலி. ரெண்டு வருஷக் கணக்கு, கிட்டத்தட்ட நாப்பது தோப்புக்காரங்களோட பாக்கி, காலி.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி நான் 777 போடாம இருந்திருந்தா, அன்னைக்கு 'பர்மிஷன் டினைட்'னு ஒரே ஒரு வரி வந்திருக்கும். நான் திட்டிக்கிட்டே எழுந்து போயிருப்பேன்.

காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தருக்கு போன் போட்டேன். அழுகையில பாதி வார்த்தை வரலை. அவர் கேட்ட முதல் கேள்வி, 'பேக்கப் எங்கே?' ரெண்டாவது, 'அழிச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணினே?' மீட்கிற சாஃப்ட்வேரை இறக்கி, அதே டிஸ்க்குல இன்ஸ்டால் பண்ணியிருந்தேன். 'அட லூஸு... மொதல்ல மெஷினை ஆஃப் பண்ணு!'ன்னு கத்தினார். விஷயம் இதுதான். அழிக்கிறப்போ ஃபைலுக்குப் போற வழிதான் மொதல்ல போகுது, உள்ளே இருக்கிற விவரம் டிஸ்க்குல கொஞ்ச நேரம் கிடக்கும். மேல புதுசா எதை எழுதினாலும் அது மூடிப்போகும். நான் மருந்துன்னு நினைச்சுப் புண்ணு மேலேயே மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன். அடுத்த நாள் பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, 'ஃபோட்டோரெக்' ஓட்டினோம். கொஞ்சம் ஃபைல் கிடைச்சது, பேர் இல்லாம, எண்களா. பாதி திறக்கலை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம படிச்சது ஒண்ணு. 1998-ல் பிக்ஸார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துக்கிட்டிருக்கும்போது, யாரோ இதே மாதிரி ஓர் அழிப்புக் கட்டளையைத் தப்பான இடத்துல ஓடவிட, படத்தோட பெரும்பகுதி கண்ணு முன்னாலயே காணாமப்போச்சு. பேக்கப்பைப் பார்த்தா, அது ஒழுங்கா வேலையே செய்யலை. குழந்தை பிறந்ததால வீட்டுல இருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன்கிற டெக்னிக்கல் டைரக்டர் வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்ததாம். அதைப் போர்வையில சுத்தி, கார்ல வெச்சு, கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்து சேர்த்திருக்காங்க. படம் 1999-ல் ரிலீஸ் ஆச்சு. படிச்சப்போ ஆறுதலா இருந்தது. ஆனா, அவங்ககிட்ட போர்வையில சுத்த ஏதோ ஒண்ணு இருந்ததே!

காலையில அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் களத்துல காயற கொப்பரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். ஆத்தாதான் ஆரம்பிச்சாங்க. எங்க ஊர் மாசாணியம்மன் கோயில்ல, பொருளைப் பறிகொடுத்தவங்க நீதிக்கல்லுக்கு மிளகாய் அரைச்சுப் பூசி முறையிடுவாங்க. 'போய் மொளகா அரைச்சுப் பூசிட்டு வாம்மிணி. எடுத்தவன் கொண்டாந்து வெச்சுருவான்'னாங்க. 'எடுத்தது நாந்தானுங்க ஆத்தா'ன்னு சொல்லவேண்டியதாப் போச்சு.

அப்பா உள்ளே போய் மூணு சாக்கை இழுத்துட்டு வந்தார். எடைச் சீட்டு! கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் தூக்கிப் போட மனசில்லாம கட்டி வெச்சிருக்கார். கூடவே, கையில எழுதற சிட்டை. பேரேட்டை நிறுத்தினாரே தவிர, சிட்டையை விடலை. தினமும் ராத்திரி உட்கார்ந்தோம். அப்பா படிக்க, நான் அடிக்க. பல்லி எச்சம் பட்டது, கரையான் அரிச்சது, எண்ணெய் ஊறி எழுத்து பரவினது... ஒவ்வொண்ணா.

தீபாவளிக்கு முந்தின நாள், கணக்கு ஒரே ஓர் ஆளுக்குத்தான் உதைச்சது. கோட்டூர்ப் பக்கம் சின்னத் தோப்பு வெச்சிருக்கிற ஒரு பெரியம்மா. தனியாத்தான் இருக்காங்க. அவங்க சீட்டு சாக்குலயும் இல்லை, சிட்டையிலயும் இல்லை. பாக்கி இருக்குன்னு மட்டும் அப்பாவுக்கு ஞாபகம், எவ்வளவுன்னு இல்லை. அவங்க வந்து திண்ணையில உட்கார்ந்தாங்க. அப்பா மழுப்பலை. 'கணக்கு அழிஞ்சுபோச்சுங்க பெரியம்மா. நீங்க சொல்றதுதான் கணக்கு'ன்னார். அவங்க முந்தானையை அவிழ்த்து, விரல் மடக்கி எண்ணி, 'நாலாயிரத்து முந்நூறு சாமி'ன்னாங்க. அப்பா எண்ணிக் கொடுத்தார். அவங்க அதுல இருந்து ஒரு நூறை எடுத்து, 'போன மாசம் பஸ்ஸுக்கு வாங்குனேனே, மறந்துட்டயா?'ன்னு திருப்பி நீட்டினாங்க.

நான் உள்ளே போயிட்டேன். மூஞ்சியை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியலை.

தீபாவளி முடிஞ்சு சீனியர் அண்ணா சொல்லச் சொல்ல, மொதல்ல இருந்து செஞ்சேன். 777-ஐ எடுத்தாச்சு. கணக்கு ஃபோல்டர் இப்போ 750. அப்பா எழுதலாம், 'களம்'ங்கிற குழுவுல இருக்கிற நான் படிக்க மட்டும் செய்யலாம். பேக்கப்புக்கு ஒரு வெளி டிஸ்க். 'ஆர்சிங்க்' போட்டு அப்படியே பிரதி எடுக்கிற மாதிரி எழுதிட்டு, பெருமையா காட்டினேன். 'இங்கே அழிச்சா ராத்திரி அங்கேயும் அழிஞ்சிடும். இதுக்குப் பேர் பேக்கப்பா?'ன்னார். பல்பு! மாத்தி எழுதினேன். இப்போ ஏழு நாளுக்கு ஏழு தனி ஃபோல்டர்.

'க்ரான்'கிற டைம்டேபிள்ல ராத்திரி ஒன்பதரைக்கு ஓடச்சொல்லி வெச்சுட்டு காலேஜுக்குப் போனேன். அடுத்த வாரம் வந்து பார்த்தா, டிஸ்க் காலி. அப்பா எட்டு மணிக்கே மெஷினை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குக் கிளம்பிடறார். மெஷின் தூங்கினா, க்ரான் எழுப்பாது, விட்டுப்போனதை மறுநாள் செய்யவும் செய்யாது. மறுபடி பல்பு! இதுல ஒரே நல்ல விஷயம், இந்தத் தடவை எதுவும் தொலையறதுக்கு முன்னால கண்டுபிடிச்சேன். இப்போ ஏழு மணிக்கு ஓடுது.

ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தா ஒரு வேலை உண்டு. ஏதாவது ஒரு தோப்புக்காரர் ஃபைலை டிஸ்க்குல இருந்து தனி ஃபோல்டருக்கு மீட்டெடுத்து, அப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கக்கத்துல இடுக்கியிருக்கிற சிட்டையை விரிச்சு, வரி வரியா ஒத்துப் பார்ப்பார். 'சரியா இருக்குது கண்ணு'ன்னுட்டு சிட்டையை மூடுவார்.

'இன்னும் எதுக்குங்கப்பா கையில எழுதறீங்க?'ன்னு போன வாரம் கேட்டேன். 'நீ எதுக்கு ஏழு எடுத்து வெச்சிருக்கே?'ன்னு கேட்டார்.