கால் தரிக்காதவன்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை ஜூன் முதல் தேதி திறந்துவிட்டால், அப்பாவை வீட்டில் பார்ப்பது அரிது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு அதுதான் உயிர்த்தண்ணீர். எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை அப்பாவுக்கு. மண்வெட்டியோடு ராத்திரியெல்லாம் வரப்பில் நடப்பார். மடையை மாற்றிவிட்டுச் சற்று நேரம் உட்காரலாம்; உட்கார மாட்டார். சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்பார். நல்ல உழைப்பாளி என்றது ஊர்.

தம்பியும் உட்கார மாட்டான். அவனை அடங்காத பயல் என்றது.

திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும்போது அவனையும் அம்மா கூட்டிப்போவாள். பன்னீர் திராட்சைப் பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பூச்சு கலையாமல், காம்பைப் பிடித்து வெட்ட வேண்டும். தம்பி இரண்டு கொத்து பதமாக வெட்டுவான். மூன்றாவது கொத்துக்குள் பந்தலின் மறுகோடியில் குருவிக்கூடு பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுப்பாட நோட்டும் அப்படித்தான்: முதல் வரி முத்து முத்தாக இருக்கும், நான்காவது வரி பாதியில் நிற்கும். பென்சிலை எங்கே வைத்தான் என்று தெரியாது. ஆனால் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளை, ஹாரன் சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவான்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. தீச்சட்டிக் கூட்டத்தில் கையை உதறிவிட்டு ஓடிவிடுவான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். அம்மா அலறியடித்துக்கொண்டு போவாள். பக்கத்தில் நிற்பவர்கள், "என்னத்தப் புள்ள வளத்தாகளோ" என்பார்கள். கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் அம்மா கேட்டது அதே பேச்சுதான். அப்பாவிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

பிறகு மதுரையில் ஒரு மனநல மருத்துவர் தம்பியின் இந்தக் கால் தரிக்காமைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) என்று பெயர் சொன்னார். வளர்ப்பினால் வருவதில்லை என்றார். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியிருக்கிறார். இதில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். "அப்பா எப்படி?" என்று மருத்துவர் கேட்டபோது, அந்த அறையில் அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா அழுதாள். அத்தனை வருடம் அவள் தலையில் ஏற்றிய பழி அன்று இறங்கியது. அப்பாவுக்கு இருந்ததும் அதுதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்று விளங்கியது. இருவருக்கும் ஒரே கால்தான். அவருக்கு நடக்க வரப்பு கிடைத்தது. இவனுக்கு அசையாமல் உட்காரப் பெஞ்சு கிடைத்தது.

மாத்திரையும், வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கமும் தம்பிக்குக் கைகொடுத்தன. இன்று ஜீப் பட்டறையில் ஒரு எஞ்சினைப் பிரித்தால், சாப்பாட்டை மறந்து அதிலேயே கிடக்கிறான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. ஆனால் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைபாடுகளில் அதுவும் ஒன்று. கால் தரிக்காத ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால், ஆசிரியர்களே, அந்தக் குழுவிடம் சொல்லுங்கள். அவன் அம்மாவை வரச்சொல்லி வளர்ப்பைப் பற்றிப் பேசாதீர்கள்.