யாரிடமிருந்து வந்தது?

கல்லறைத் திருநாளன்று தந்தையின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடையும். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தவர், எம்மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவால் 17ஆம் நாள் மாண்டார். அது யாரிடமிருந்து வந்தது? அவரைக் கவனித்த செவிலியரின் கழுவாத கைகளிலிருந்துதான் என்று நானாகவே தீர்ப்பெழுதிக்கொண்டேன். அப்பெண் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். திருப்பலியில் சமாதானம் பகிரும்போது அவர் பக்கம் நான் திரும்புவதில்லை.

அமெரிக்காவில் பெதெஸ்தா என்றொரு நகர் உண்டு. முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவர் காத்துக்கிடந்த குளத்தின் பெயர்தான் அது. அங்குள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவமனையில் 2011 ஜூனில் சேர்ந்த ஒரு பெண்ணிடம் இதே கிளெப்சியெல்லா இருந்தது. அவரைத் தனிமைப்படுத்தினார்கள். அவர் வீடு திரும்பி மூன்று வாரங்களுக்குப் பின் இன்னொருவரிடம் அது தென்பட்டது. பிறகு வேறொருவர், மற்றொருவர் என மொத்தம் 18 பேர். பதினொருவர் இறந்தனர், அவர்களுள் அறுவரின் சாவுக்குக் கிருமியே காரணம் என்றனர்.

ஆய்வாளர்கள் கிருமியின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்தனர். ஏறத்தாழ 60 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஏடு அது. ஏட்டுச்சுவடிகளில் புகுந்த எழுத்துப் பிழைகளை ஒப்பிட்டு, எது எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று நம் பதிப்பாசிரியர்கள் கண்டறிந்ததில்லையா? அவ்வாறே, கிருமி பெருகுகையில் பிறழ்ந்த ஓரிரு எழுத்துகளைக் கொண்டு அதன் வழியை வரைந்தனர். முதல் பெண்ணிடமிருந்தே அது மூன்று தனித்தனி வழிகளில் பரவியிருந்தது. இடைப்பட்ட வாரங்களில் நோய்க்குறி ஏதுமின்றிச் சிலர் அதைச் சுமந்திருந்தனர். கழுவுதொட்டிக் குழாய்களிலும், துப்புரவு செய்த சுவாசக் கருவி ஒன்றிலுங்கூட அது இருந்தது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. நோய்க்குறியின்றிச் சுமப்பவர் உண்டெனில், என் தந்தையே அதைக் குடலில் சுமந்து சென்றிருக்கலாமே! விழுவதற்கு முந்தைய மாதங்களில் இருமுறை அவருக்குச் சளி பிடித்தது. மருத்துவரிடம் போகச் சோம்பி, மருந்துக்கடையில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் வாங்கிக் கொடுத்தவன் நான். சளிக்கு அவை உதவா. குடலின் நற்கிருமிகளைக் கொன்று முரட்டுக்கிருமிக்கு இடம் ஒழித்துத் தருபவை. தந்தையின் கிருமியை எவரும் வாசித்துப் பார்க்கவில்லை. இனி அதற்கு வழியுமில்லை.

சென்ற ஞாயிறு அச்செவிலியர் பக்கம் திரும்பினேன். அவர் வழக்கம்போல் கைகூப்பினார்.