விழுவதும் வீழ்த்துவதும்

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் எங்கே திரும்பினாலும் 'ஃபால்ஸ்'. ஐந்தருவிக்கு ஐந்து கிளை, பன்மை சரி. பேரருவி ஒன்றுதானே, அதற்கு ஏன் 'மெயின் ஃபால்ஸ்'? அருவியின் பெயர் என்று வந்துவிட்டால், ஒன்றே ஆனாலும் ஆங்கிலத்துக்குப் பன்மை வடிவம்தான். ஒருமையில் 'ஃபால்' என்றால் விழுதல். அமெரிக்கர்களுக்கு இலையுதிர்காலமும் அதுவே.

தென்காசியில் பக்கத்து வீட்டுப் பையன் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். "மாமா, ஃபாலுக்கு இறந்தகாலம்தான ஃபெல்? மரத்தை ஃபெல் பண்ணணும்னு போட்டிருக்கே?"

அது வேற ஃபெல்லு டே! தானாக விழுந்தால் ஃபால். வெட்டிச் சாய்த்தால் ஃபெல், அதற்கு இறந்தகாலம் ஃபெல்டு. நம்ம தன்வினை, பிறவினைதான். ரைஸ் எழு, ரெய்ஸ் எழுப்பு. சிட், செட்டும் இதே குடும்பம். படுத்தி எடுப்பது லை, லே: கிடத்து என்றால் லே, கிடந்தது என்றாலும் லே! இங்கே வெள்ளைக்காரரே வழுக்கி விழுகிறார்கள்.

ஆங்கிலம் உள்ளிருக்கும் உயிரை மாற்றுகிறது. தமிழ் மெய்யை வல்லினமாக்குகிறது. திருந்து, திருத்து. உருள், உருட்டு. நம்ம இடையன்குடி கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இதைப் பேசியிருக்கிறார்.

அருவியில் நனைந்தேன், அருவி என்னை நனைத்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வெட்'தான். முதலாவதுக்கு மட்டும் 'காட்' என்று ஒரு முட்டு கொடுக்க வேண்டும்.