மைத்துனர் வாங்கிய பாய்ப்படகு

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடத்திப் பார்ப்பார். வீடு வாங்கப் போகிறவர் உறுதியை வாசிப்பிப்பார். கிணற்று நீரைக் குடித்துப் பார்ப்பார். இவை நமக்குப் பரம்பரையாக வந்த அறிவு. ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டு கடலிற் கிடந்த பாய்ப்படகு ஒன்றை, அதுவும் ஆண்டிற் பாதி நாள் குடியிருப்பதற்கென்று வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? சென்ற கோடையில் இங்கிலாந்தின் தென்கரையிலே இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பில் எனக்கும் ஒரு பங்கு வாய்த்தது.

என் தங்கையும் அவள் கணவரும் போர்ட்ஸ்மத் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவர்கள். மைத்துனர் மருத்துவமனை ஆய்வுகூடத்திற் பணியாற்றி இளைப்பாறியவர். கைக்கு வந்த இளைப்பாற்றுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு படகு வாங்கி, சித்திரை முதல் புரட்டாதி வரை அதிலேயே தங்கி, கரையோரமாகத் துறை துறையாக மேற்கே கோர்ன்வால் வரை போய்வர வேண்டுமென்பது அவரது நெடுநாளைய ஆசை. தங்கைக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. அச்சம் மட்டும் இருந்தது. அந்தப் பணம் போனால் மீண்டும் வருவதற்கு வழியில்லை. "அண்ணா, நான் சிறுவயதிலேயே ஊரை விட்டு வந்துவிட்டேன். நீங்கள் அப்புவோடு கடலுக்குப் போனவர். நீங்கள் பார்த்துச் சொன்னால் எனக்கு மனம் ஆறும்" என்றாள்.

வல்வெட்டித்துறையில் நான் பழகியவை மரத்தாலான கலங்கள். ஓடாவிமார் பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சைத் திணித்துக் கலப்பற்றடித்து, எண்ணெய் பூசிக் கடலில் இறக்குவார்கள். அவற்றுக்கு நோய் வந்தால் கண்ணுக்குத் தெரியும். கத்தி முனையாற் குத்தினாலும் தெரியும். இங்கே நாங்கள் பார்க்கச் சென்றவையோ கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த பைபர்கிளாஸ் படகுகள். ஆதலால், ஊதியம் பெற்றுப் படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் பரிசோதகர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுமாறு மைத்துனரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலிற் பார்த்த படகு 32 அடி நீளம். புதுவர்ணம் மின்னியது. உள்ளே நீலப் பட்டு மெத்தைகள், பித்தளை விளக்கு, சிறு நூலடுக்கு. மைத்துனரின் முகத்தைப் பார்த்தபோதே அவர் மனத்தளவில் அதனை வாங்கிவிட்டார் என்பது தெரிந்தது. பாரந்தூக்கியால் படகைக் கரைக்கு ஏற்றியபின் பரிசோதகர் சிறு சுத்தியலால் அதன் உடல் முழுவதும் தட்டிக்கொண்டு போனார். சந்தையிற் குடம் வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல இடத்தில் ஓசை கணீரென்றது, சில இடங்களில் மழுங்கிற்று. நீர்மட்டத்தின் கீழே அம்மைக் கொப்புளம் போன்ற சிறு வீக்கங்கள் இருந்தன. ஒன்றைக் குத்தி, கசிந்த நீரை என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னார். வினாகிரி மணம்! மேற்பூச்சை ஊடுருவிய நீர் உள்ளே இறுகாமல் எஞ்சிய இரசாயனப் பொருள்களோடு சேர்ந்து அமிலமாகித் தேங்குவதால் வருவது இது என்று விளக்கினார். பூச்சை உரித்து, மாதக்கணக்காக உலரவிட்டு, மறுபடி பூச வேண்டுமாம்.

அடுத்து, படகின் அடியில் நீர் போக்குவரத்துக்கென உள்ள துளைகளை அடைக்கும் பித்தளைத் திருகுகளைச் சுரண்டினார். மஞ்சளாக இருக்கவேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் எஞ்சும் செம்பு பஞ்சுபோலப் பலவீனமாகிவிடும். அத்தகைய திருகு ஒருநாள் கையோடு உடைந்தால், நடுக்கடலிற் பெருவிரல் பருமனான துளையொன்று திறந்துகொள்ளும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றியதற்கும் சான்று எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை மாற்றவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். தவறினால் காப்புறுதி நிறுவனத்தாரும் முகஞ்சுளிப்பர்.

இவையெல்லாம் பணத்தால் திருத்தக்கூடிய குறைகள் என்று மைத்துனர் வாதாடினார். ஒருவகையில் அது சரிதான். அதற்குள் என் தங்கை படகின் உள்ளே போய் மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தாள். அலுமாரிகளைத் திறந்து முகர்ந்தாள். அடித்தட்டுப் பலகையைக் கிளப்பினாள். கீழே கறுத்த எண்ணெய் நீர் தேங்கிக் கிடந்தது. வெளியே வந்து மெதுவாக என்னிடம் சொன்னாள்: "விருந்தாளி வருகிற நாளில் முன்விறாந்தையை மட்டும் கூட்டி வைத்த வீடு, அண்ணா." பரிசோதகரின் நீண்ட அறிக்கையைப் பின்னர் படித்தபோதும் இதற்கு மேலாக அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

அன்று மாலை மைத்துனர் சோர்ந்திருந்தார். பழைய கலம் எதுவுமே வாங்கத் தகாதோ என்று கேட்டார். அப்போதுதான் எங்களூர் அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். அப்படகின் நீளமும் 32 அடிதான்! படகின் குணமறிந்த அம்மனிதர் பின்னர், வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட 89 அடி நீளமான அன்னபூரணியை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். எங்களூர் மாலுமிகளோடு அக்கப்பல் சுயஸ் கால்வாய், ஜிப்ரால்ட்டர் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஒகஸ்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. அவர் வாங்கியது அழகுக்கு நிறுத்திய கப்பலன்று, உழைத்த கப்பல். உழைக்கும் கலத்தை அதன் சொந்தக்காரர் பழுதாக விடமாட்டார் என்பது என் எண்ணம். "அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கிற படகாகப் பார்ப்போம், மச்சான்" என்றார் மைத்துனர்.

இரண்டாவது படகு சிறியது, 26 அடி. வெஸ்டர்லி சென்டோர் என்னும் வகை. 1969 முதல் 1980 வரை இவ்வகையில் 2,400-க்கு மேற்பட்ட படகுகள் வார்க்கப்பட்டனவாம். இதற்கு அடியிலே ஏரா ஒன்றன்று, இரண்டு. போர்ட்ஸ்மத் துறையில் பெருவற்று நாட்களில் கடல் ஏறக்குறைய 4 மீற்றர் ஏறி இறங்கும். நமது வடகரையில் அது ஒரு மீற்றர் தானும் இல்லை. நீர் வற்றும்போது ஒற்றை ஏராப் படகு சேற்றிற் சரிந்து விழும். இதுவோ இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். ஆதலால் ஆழமில்லாத, வாடகை குறைந்த உப்பாறுகளிலும் கட்டி வைக்கலாம். துறைவாடகை படகின் விலையைப் பார்த்தன்று, நீளத்தைப் பார்த்தே அறவிடப்படுகிறது என்பதைப் பலர் வாங்கிய பின்னரே அறிகின்றனர்.

சொந்தக்காரர் எண்பதை எட்டிய முதியவர். எஞ்சினை இயக்குமுன் அதன்மேற் கைவைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்துக் குறையை மறைக்கும் தந்திரம் அங்கில்லை. இரண்டாம் முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, நீலப்புகை இல்லை. அவர் ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். எண்ணெய் மாற்றிய நாட்கள், கம்பி மாற்றிய ஆண்டு, பற்றுச்சீட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் கேட்குமுன்பே, "இடப்பக்க யன்னல் ஒழுகும், இருமுறை அடைத்தும் நிற்கவில்லை" என்றார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. தங்கை உள்ளேயிருந்த சிறு அடுப்பிற் கேத்தலை வைத்துத் தேநீர் ஊற்றினாள். ஒரு மணி நேரம் நால்வரும் முழங்கால் முட்ட அமர்ந்திருந்தோம். அவர் சொன்ன யன்னல் சொன்னபடியே ஒழுகிற்று; வேறெங்கும் ஒழுகவில்லை. புறப்படும்போது தங்கை, "சிறிசுதான், ஆனால் நேர்மையான வீடு" என்றாள். விலை 5,500 பவுண். பரிசோதகர் சொன்ன சில்லறை வேலைகளுக்கு மேலும் ஆயிரம் சென்றது.

உறுதி விடயத்தில் நான் சற்றுப் பிடிவாதம் பிடித்தேன். அங்கே சிறு கலங்களுக்கான பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் உரிமைக்குச் சான்றாகாது. படகின்மேல் முன்னையவர் பட்ட கடன் இருந்தால், அது படகோடு கூடவே வந்து புதியவர் தலையில் ஏறலாம். ஆகவே பழைய விற்பனைச் சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்த பின்னரே பணம் கைமாறியது. தங்கையும் ஒரு நிபந்தனை விதித்தாள்: வீட்டை விற்பதில்லை. பல படகுத்துறைகளில் நிரந்தரமாகக் குடியிருக்க விடுவதுமில்லை. மாரியில் மூச்சுக்காற்றே சுவரில் நீராக வழியும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கி வெடிக்கும் என்று கேள்விப்பட்ட நாள்முதல், ஒவ்வொரு சமையலுக்குப் பின்னும் உருளையை மூடுவது அவள் வேலையாயிற்று. மைத்துனர் மூடினாலும் அவள் ஒருமுறை போய்ப் பார்ப்பாள்.

ஆடியில் அவர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். நான் ஊர் திரும்பினேன். ஆவணியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. போர்ட்லண்ட் முனையில் நீரோட்டங்கள் மோதிக் கடல் கொந்தளிக்குமாதலால், தக்க வேளை பார்த்தே அதைக் கடக்க வேண்டும். வேய்மத் துறையில் மூன்று நாள் காத்திருந்தார்களாம். மைத்துனர் இரண்டாம் நாளே போய்விடலாம் என்றாராம். "வற்றுப்பெருக்கு அட்டவணையை நான்தான் பார்க்கிறேன், அண்ணா. இவருக்குப் பொறுமை இல்லை. நாலாம் நாள் விடியற்காலை நாலரைக்கு இவரை எழுப்பினேன்" என்று எழுதியிருந்தாள்.