பட்டம் பெற்றவரும் பட்டம் விடுபவரும்

தைப்பொங்கலன்று பிற்பகல் வல்வெட்டித்துறைக்குச் செல்பவர், ஊரை அடையுமுன்னரே வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள இவ்வூரின் உதயசூரியன் கடற்கரையிலே அன்று நடைபெறும் பட்டப்போட்டி பெயர்பெற்றது.

இவ்வாண்டு என் மகனை அங்கே அழைத்துச் சென்றேன். அவனுக்கு நான் பட்ட கடன் ஒன்றுண்டு. மார்கழியிலே, பாடத்தை விட்டுப் பட்டம் கட்டுகின்றான் எனச் சினந்து, அவன் சேர்த்துவைத்த மூங்கிற் சிலாகைகளை முறித்தெறிந்தவன் நான்.

கடற்கரையில் முனைந்து நின்றவர்கள் சிறுவர் மட்டுமல்லர். நரைத்த தலையினர் மணலில் முழங்காலிட்டு முச்சை கட்டினர். முச்சை சிறிது பிழைத்தாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும். ஒருவர் வில்லிலே இறுகப் பூட்டிய விண்ணை வாடைக்காற்றிற்குக் காட்டி, அதன் ஒலியைச் செவிசாய்த்துக் கேட்டார். வீணை நரம்பைச் சுருதி கூட்டுபவர் முகத்திலும் அத்தனை கவனத்தை நான் கண்டதில்லை.

இவ்வூரார் காற்றை அறிந்தவர்கள். இங்கே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடலைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. பாயையும் கயிற்றையும் பழகிய கைப்பக்குவமே, ஊதியம் எதுவும் வேண்டாது வானில் ஏறுவதாக எனக்குத் தோன்றியது.

பெரும் பட்டத்தைப் பலர் கூடியே பிடிக்கவேண்டும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியிலே, கயிற்றை விடாத இளைஞர் ஒருவரைப் பட்டமே மேலே தூக்கிச் சென்றது; நல்லகாலம், உயிர் தப்பினார்.

“மாஸ்டர், ஒருக்கா வந்து பிடியுங்கோ, ஆள் காணாது” என்றார் ஒரு முதியவர்.

தயங்கினேன். என் மாணவர் சிலர் அருகில் நின்றனர். பட்டதாரி ஆசிரியன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மணலில் ஓடலாமா? ஓடினேன். பத்தடி செல்லுமுன் விழுந்தேன். முதலிற் சிரித்தவன் என் மகன். அடுத்துச் சிரித்தவன் நான். பட்டமோ எழுந்துவிட்டது, விண் கூவியது.

மரியாதை குறையுமென்று அஞ்சியே பெரியவர்கள் விளையாட்டைக் கைவிடுகின்றோம். என் மரியாதை அன்று குறைந்ததாகத் தெரியவில்லை. மகனுக்கும் எனக்குமிடையே ஒரு மாதமாக நிலவிய மௌனந்தான் குறைந்தது.

திரும்பும் வழியில், “முச்சை கட்ட எனக்கும் சொல்லித் தாறியா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு, “முதலிலை மூங்கில் வேணும் அப்பா” என்றான்.